எசின்மாவுக்கு இரண்டு வைத்தியம்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958 நாவல் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. அதில் எசின்மா, எக்வெஃபிக்குப் பத்தாவது பிள்ளை. முன் பிறந்த ஒன்பதும் தங்கவில்லை. செத்துச் செத்து அதே தாயிடம் பிறக்கும் ‘ஒக்பாஞ்சே’ இவள் என்பது அங்குள்ள இக்போ மக்களின் நம்பிக்கை. வைத்தியர் ஒகாக்புவே ஊர் பார்க்கக் குழி தோண்டி, அழுக்குத் துணியில் சுற்றிய கூழாங்கல்லை எடுக்கிறார். ஒக்பாஞ்சேயை ஆவி உலகத்தோடு கட்டிவைப்பது அந்தக் கல்தானாம்; பந்தம் அறுந்தது, பிள்ளை பிழைக்கும் என்று தாய்க்குத் தெம்பு வருகிறது.

அப்புறம் ‘இபா’ காய்ச்சல். இதற்குக் கூட்டமில்லை. தகப்பன் ஒகொன்க்வோவே வெட்டுக்கத்தியோடு போய் இலை, புல், மரப்பட்டை கொண்டுவருகிறான். பானை பொங்காமல் பார்த்துக்கொள் என்று மனைவியை அதட்டுகிறான். மகளைப் பாய்க்குள் உட்காரவைத்து வேது பிடிக்கிறான். பாசத்தை வெளியே காட்டினால் கௌரவம் போய்விடும் என நினைக்கிற ஆள்! எனக்கென்னவோ, கூழாங்கல்லைவிட இந்தப் பானைதான் பிடிக்கிறது.