ஹெட்லைட் வாங்கும்போதே முழுசாக இருக்க வேண்டுமா, அப்டேட்டில் வந்தால் போதுமா?

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மின்சாரக் கார்கள். நான் ஓட்டுவதில், எதிர் வண்டிக்கு ஏற்பத் தானே மாறும் மேட்ரிக்ஸ் ஹெட்லைட் வாங்கிய அன்றே முழுதாக வேலை செய்தது, ஆனால் முக்கியமான சாஃப்ட்வேர் அப்டேட் எதற்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். தம்பியின் காரில் எல்லா அப்டேட்டும் வீட்டு வைஃபையிலேயே இறங்கிவிடும். ஆனால் வாங்கும்போது அவன் ஹெட்லைட்டுக்குள் மேட்ரிக்ஸுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்தும் அதை இயக்கும் சாஃப்ட்வேர் மட்டும் இல்லை. "அப்டேட்டில் வரும் சார்" என்றார்கள். வந்தது, இரண்டு வருஷம் கழித்து. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரண்டையும் இருட்டில் நிறையவே ஓட்டியிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'அடாப்டிவ்' என்று விற்பதில் மூன்று வேறு வேறு சமாச்சாரம் இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் கேமரா பார்த்து மொத்த ஹை பீமையும் இறக்குவது ஒன்று. ஸ்டியரிங் திரும்பும் பக்கம் விளக்கும் திரும்புவது இன்னொன்று. இது புதுசே இல்லை, 1967லேயே சிட்ரோயன் டிஎஸ் காரில் கம்பி இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள். மூன்றாவதுதான் மேட்ரிக்ஸ்: ஹை பீம் எரிந்தபடியே இருக்கும், எதிர் வண்டி இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக்கிவிடும். 2013ல் ஆடி ஏ8 ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் 25 எல்இடியோடு வந்தது, 2016ல் மெர்சிடிஸ் இ கிளாஸில் அது 84 ஆனது, அப்புறம் ஒரு விளக்குக்கு ஒளியைத் திருப்பிவிடும் 13 லட்சம் நுண்கண்ணாடி வரைக்கும் போய்விட்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எதை எப்போது இருட்டாக்குவது என்று முடிவெடுக்கும் கேமராவும் சாஃப்ட்வேரும் மந்தமாக இருந்தால் எத்தனை எல்இடி இருந்தும் பிரயோஜனமில்லை.

தம்பி காரில் அந்த முதல் இரண்டு வருஷம் இருந்தது வெறும் ஆட்டோ ஹை பீம். காலியான நேர் சாலையில் குறை சொல்ல முடியாது. வளைவும் மரமும் எதிர் வண்டியும் மாறி மாறி வரும் சாலையில், ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும், பெரிய பிரதிபலிப்புப் பலகை வந்தால் அதையும் வண்டி என்று நினைத்து இறங்கும், எதிர் வண்டி கடந்துபோன பிறகும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஏறும், அந்த ஒரு நொடியில் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே வந்தவர் நாம் வேண்டுமென்றே பிரைட் அடிக்கிறோம் என்று நினைத்துத் திருப்பி அடித்தார். மூன்றே மாதத்தில் அவன் அதை அணைத்துவிட்டுக் கையாலேயே டிம் பண்ண ஆரம்பித்தான்.

என் காரில் முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. எதிரே லாரி வருகிறது, நம் ஹை பீம் எரிந்துகொண்டே இருக்கிறது, கை தானாக லீவருக்குப் போகிறது. ஆனால் லாரியைச் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி, லாரி நகர நகர அதுவும் கூடவே நகர்கிறது, சாலையின் இரண்டு ஓரமும் பளிச்சென்று இருக்கிறது. ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரை அன்று நான் பார்த்த தூரத்துக்கு லோ பீமில் பார்த்திருக்கவே மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் போட்டியே இல்லை.

அதற்காக மேட்ரிக்ஸ் மகா புத்திசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வந்தால் நமக்கு முதலில் வெளிச்சம் படர்வது தெரியும், கை டிம் பண்ணிவிடும். கேமராவோ விளக்கே கண்ணில் பட்ட பிறகுதான் விழிக்கும். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர் லாரியின் ஹெட்லைட் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும், ஆனால் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், நம் வெளிச்சம் முழுக்க அவர் கண்ணில். விளக்கில்லாமல் எதிரே நடந்து வருபவருக்கும் அதே கதிதான், பெரும்பாலும் வண்டி விளக்கைத்தானே அது தேடுகிறது. கனமழையிலும் மூடுபனியிலும் நான் அணைத்துவிடுவேன், நம் வெளிச்சமே வெள்ளைச் சுவராகத் திரும்பி வருகிறது.

சரி, தம்பி காருக்கு ஏன் இரண்டு வருஷம்? கம்பெனி காரணம் சொல்லவில்லை. பொதுவாகப் பார்த்தால் பாதி சட்டம், பாதி சாஃப்ட்வேர். ஐரோப்பாவில் இந்த விளக்குகளுக்கு முன்பே அனுமதி உண்டு. அமெரிக்காவில் ஹை பீம் அல்லது லோ பீம், நடுவில் ஒன்றும் கிடையாது என்றுதான் விதி இருந்தது. டொயோட்டா 2013ல் மனு போட்டு, 2022 பிப்ரவரியில்தான் விதி மாறியது. ஆனால் சட்டம் தடுக்காத இடத்திலும் தாமதம் நடந்திருக்கிறது. டெஸ்லா மேட்ரிக்ஸ் விளக்கோடு கார்களை விற்றுவிட்டு, ஐரோப்பாவில் அதன் அடாப்டிவ் வேலையை 2024ல்தான் அப்டேட்டில் திறந்தது. ஆடி இ-டிரானில் வேறு மாதிரி: மேட்ரிக்ஸ் வசதியைப் பிற்பாடு காசு கட்டித் திறந்துகொள்ளலாம். நம் காருக்குள்ளேயே இருக்கும் விளக்குக்கு மறுபடி காசு, என்னத்தைச் சொல்ல.

தம்பிக்கு அது வந்த அன்று ராத்திரியே இரண்டு பேரும் கிளம்பினோம். முதல் பதிப்பு ரொம்பப் பயந்த சுபாவம்: ஒரு மோட்டார் சைக்கிளுக்கு லாரி அளவு இருட்டு. இரண்டு மாதத்தில் இன்னொரு அப்டேட், இருட்டு ஒடுங்கியது, இப்போது என் காருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இங்கேதான் என் வண்டி தோற்கிறது. என் காரில் முன்னால் போகும் வண்டி வளைவில் திரும்பும்போது மேட்ரிக்ஸ் தடுமாறும், அதற்குத் திருத்தம் வந்துவிட்டது என்று கடிதமும் வந்தது. முன்பதிவு, அரை நாள் லீவு, காத்திருப்பு என்று தள்ளித் தள்ளி எட்டு மாதம் கழித்துத்தான் போட்டேன். ஒர்க்‌ஷாப் அப்டேட்டின் உண்மையான கோளாறு அதன் தரத்தில் இல்லை, நம் சோம்பலில் இருக்கிறது.

வைஃபை அப்டேட்டின் பலத்துக்கு 2018ல் டெஸ்லா மாடல் 3 விவகாரமே போதும். பொருள்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்கப் பத்திரிகை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் சோதனையில் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது, சில நாளில் அப்டேட் இறங்கி 133 அடியானது. யாரும் கார் மேல் கை வைக்கவில்லை. ஆனால் கொடுக்கும் கைதான் எடுக்கவும் செய்யும்: 2019 மே மாத அப்டேட் ஒன்று சில மாடல் எஸ் கார்களின் பேட்டரி வோல்டேஜைக் குறைத்துவிட, 1,743 கார்கள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கு 2021ல் 15 லட்சம் டாலரில் சமரசமானது. அமெரிக்க மின்சாரக் கார் கம்பெனி ரிவியன் 2023 நவம்பரில் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு அப்டேட்டை அனுப்பி, சில கார்களில் திரை செத்துப்போனது, ஓட்ட மட்டும் முடிந்தது. மறுபக்கம் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3ன் ஆரம்பகாலக் கார்களை அப்டேட்டுக்காக ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்து, சிலவற்றில் 12 வோல்ட் பேட்டரியையே மாற்ற வேண்டியிருந்தது. அப்டேட் ஓடும்போது கணினிகளைத் தாங்கிப் பிடிப்பது பெரிய பேட்டரி என்று பலர் நினைக்கிறார்கள். பல கார்களில் அந்தப் பாரம் இந்தச் சின்ன பேட்டரி மேல்தான்.

தம்பி ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு 'இப்போதே நிறுவு' என்பதை அமுக்கிவிட்டு, பத்து நிமிஷத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளம்ப வேண்டியதாகிவிட்டது. முக்கால் மணி நேரம் கார் நகராது. என் காரில்தான் போனான்.

எந்த அப்டேட்டும் தொடாத ஒன்றும் எனக்கு நடந்தது. கல் தெறித்து முன் கண்ணாடி மாற்றினேன். மாற்றியவர்கள் கேமராவை மறுபடி அளவு சரிசெய்யாமலே விட்டுவிட்டார்கள். திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை, ஆனால் எதிரே வந்தவர்கள் எல்லோரும் பிரைட் அடித்தார்கள். கறுப்புப் பெட்டி எதிர் வண்டிக்கு அரை வண்டி தள்ளி விழுந்துகொண்டிருந்தது என்று ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கண்ணாடி மாற்றினால் கேமராவைச் சரிசெய்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கலாம் என்றால், தெருவிளக்கு உள்ள ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் தம்பி காரை வாங்கலாம், அங்கே ஹை பீமே தேவைப்படாது, வைஃபை அப்டேட்தான் தினமும் உதவும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது இருட்டுச் சாலையில் போகிறவர் என் கார் மாதிரிதான் வாங்க வேண்டும். பேச்சை நம்பாமல் ராத்திரியில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். பகலில்தான் தருவோம் என்றால் அந்த விளக்கு இன்னும் வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி காருக்கு நேற்று இன்னொரு அப்டேட் வந்திருக்கிறது, 'விளக்கு மேம்பாடு' என்று ஒரே வரி. மற்றவர்கள் போட்டு நான்கு நாள் ஆகட்டும் என்று அமுக்காமல் வைத்திருக்கிறான்.