சிங்க் அடைப்பு: நாமே எடுப்பதா, பிளம்பரைக் கூப்பிடுவதா?

சிங்க் அடைத்துக்கொண்டதும் பிளஞ்சரையும் (ஓட்டைமேல் வைத்து அமுக்கும் ரப்பர் கிண்ணம்) தேட வேண்டாம், போனையும் தேட வேண்டாம். முதலில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சமையலறை சிங்கில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, பாத்ரூமிலும் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா? வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது பாத்ரூம் ஜாலி வழியாக நுரை பொங்கி வருகிறதா? ஒரே இடம் என்றால் அடைப்பு பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நீங்களே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று இடம் என்றால் அவை எல்லாம் போய்ச் சேரும் குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது, அது பிளம்பர் வேலை. காசுக் கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நாமே செய்வதில் லாபமான இடம் பாட்டில் ட்ராப். சிங்குக்கு அடியில் தொங்குமே, குடுவை மாதிரி, அதுதான். கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு அடிக்கப்பைத் திருகினால் கையாலேயே கழன்று வரும். உள்ளே டீத்தூள், தேங்காய்த் துருவல், புளிச்சக்கை எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றாகப் பிடித்துச் சோப்புக்கட்டி மாதிரி ஆக்கி வைத்திருக்கும், கூடவே புளித்த தோசைமாவு வாடை. பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, வாஷரை ஒழுங்காக உட்காரவைத்து, கையால் மட்டும் இறுக்குங்கள். நான் முதல் தடவை வீரமாக ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். மரை போய்விட்டது, புது ட்ராப்புக்கும் காசு, அதை மாட்ட வந்த பிளம்பருக்கும் காசு. மாட்டியபின் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். ட்ராப்பில் நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது.

சில வீடுகளில் ட்ராப்பே இருக்காது, மடிப்பு மடிப்பாக வளையும் வேஸ்ட் பைப் ஒன்றுதான். அந்த மடிப்புகளில் எண்ணெய் படிந்தால் கழுவி மாளாது, புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுவதே மேல். பாத்ரூமில் எதிரி வேறு: முடி, சீயக்காய்த் தூள், ஷாம்பு பாக்கெட்டில் கிழித்துப் போட்ட மூலை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசினாகப் படிந்து இவற்றையெல்லாம் ஒட்டவைக்கும். ஜாலியைத் தூக்கிக் கையுறை போட்டு எடுத்தால் பத்து நிமிட வேலை.

பிளஞ்சர் பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் காற்று. இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இன்னொரு ஓட்டையையும், மேலே நிரம்பி வழியாமலிருக்க வைத்திருக்கும் சின்னத் துளையையும் ஈரத்துணியால் அடைத்துவிட்டு அமுக்க வேண்டும். ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் வேண்டும். இல்லாவிட்டால் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருப்போம்.

சரி, பிளம்பரிடம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுக்கும் ஸ்பிரிங் கம்பிக்கும், எந்தச் சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட குழியை, திறக்க வேண்டும் என்ற அனுபவத்துக்கும். எங்கள் பகுதியில் வந்து கை வைத்தாலே 500 ரூபாய். ட்ராப்பைக் கழற்றிக் கழுவ அது அநியாயம், ஆனால் சேம்பர் வரை கம்பி விட்டு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டும் நாளில் அதற்கு மேல் கேட்டாலும் எனக்குக் கொடுக்கத் தோன்றும். அவரைக் கூப்பிடும் முன் வாசல் சேம்பர் மூடியை நீங்களே தூக்கிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், பிளம்பர் வரட்டும். நிரம்பி நின்றால் தெருப் பக்கம். சென்னையில் அதற்குக் குடிநீர் வாரியத்தின் 1916 இருக்கிறது. அடுக்குமாடியில் தரைத்தளத்துக்காரர் பாத்ரூமில் தண்ணீர் பொங்கினால் அது பெரும்பாலும் மேல்வீடுகளின் தண்ணீர், பொதுக் குழாய்க் கோளாறு. சொந்தக் காசில் பிளம்பர் வைக்காமல் அசோசியேஷனைப் பிடியுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரிதான். ஆளை உள்ளே இறக்குவது உயிருக்கு ஆபத்து, பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் எல்லோரும் ஓடுவது மூன்றாவது வழிக்கு: கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூள். பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான். எண்ணெயைக் கரைக்கும், உண்மை. கரைக்காவிட்டால்தான் சிக்கல், குழாய் முழுக்கச் சுடச்சுடக் காரம் நிற்கும், அதற்குமேல் பிளஞ்சரை அமுக்கினால் கண்ணில் தெறிக்கும். அது கேட்கவில்லையே என்று மேலே கழிப்பறை ஆசிடை ஊற்றினால் கொதித்துச் சீறும். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. சமையல் சோடாவும் வினிகரும் பொங்குவது பார்க்க அழகு, இறுகிய எண்ணெய்க்கட்டியை அது ஒன்றும் செய்யாது. வெந்நீர் பரவாயில்லை, ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி இளகி ஜாயிண்ட் விட்டுப்போகும்.

எங்கள் பிளம்பர் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிடுவார்: "உள்ள ஏதாவது ஊத்துனீங்களா சார்?" ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் எது, எவ்வளவு, எப்போது என்று சொல்லிவிடுங்கள். அடுத்து அந்தத் தண்ணீரில் கை வைக்கப்போவது அவர்தான்.