பாப்பாவோட யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர், மூணு வருஷத்துக்கு மேல போய் வந்த அனுபவம்

பாப்பாவுக்கு ரெண்டே முக்கால் வயசு இருக்கும்போது 2022ல முதல் தடவை இங்க செந்தோசா தீவுல இருக்குற யுனிவர்சல் தீம் பார்க்குக்கு கூட்டிட்டு போனோம், இப்ப ஆறு முடிஞ்சிருச்சு, நடுவுல வருஷ பாஸும் எடுத்ததால எத்தனை தடவை போனோம்னு கணக்கே விட்டுப்போச்சு. சின்ன குழந்தைய வச்சுக்கிட்டு அங்க போலாமான்னு கேக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, வயசை விடுங்க, குழந்தைய சுவத்தோரமா நிக்க வச்சு எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

நாலு வயசுக்கு கீழ டிக்கெட்டே வேணாம், அதனால நாலு முடியறதுக்குள்ள போயிடணும்னு நிறைய பேர் அவசரப்படுறாங்க. நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனா ஒவ்வொரு ரைடுக்கும் குறைஞ்சபட்ச உயரம் இருக்கு, கனோபி ஃப்ளையர், என்சான்டட் ஏர்வேஸ் ரெண்டுக்கும் 92 சென்டி வேணும், புஸ் இன் பூட்ஸுக்கு 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, தண்ணில போற ஜுராசிக் பார்க் ரேபிட்ஸுக்கு 107. பாப்பா அன்னிக்கு 90 கூட இல்ல. உயரம் அளக்குற குச்சி பக்கத்துல நின்னு நிமிர்ந்து பாக்குறா, ஸ்டாஃப் ரொம்ப பொறுமையா முடியாதும்மான்னு சொல்றாங்க, அவளுக்கு ஏன்னு புரியல, எனக்கு மனசு என்னமோ ஆயிடுச்சு. அதுக்கப்புறம் வீட்லயே அளந்து, இது உனக்கு இப்ப உண்டு, அது அடுத்த வருஷம்னு முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போக ஆரம்பிச்சேன், அழுகை சுத்தமா நின்னுடுச்சு.

இன்னொண்ணு, உயரம் இருந்தா மட்டும் போதாது. ஷ்ரெக் 4டி ஷோவுக்கு மூணு வயசுல உள்ள கூட்டிட்டு போனோம், சீட் ஆடினதும் மூஞ்சில தண்ணி அடிச்சதும் அப்படியே என் கழுத்த கட்டிக்கிட்டா, அன்னிக்கு மீதி நாள் இருட்டா இருக்குற எந்த இடத்துக்குள்ளயும் கால் வைக்கல. செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் நல்ல ரைடு, எல்மோ எல்லாம் வரும், அதுக்கே ரெண்டு மூணு விசிட் கழிச்சுதான் வந்தா. வற்புறுத்தாதீங்க ப்ளீஸ். சும்மா நடந்து பாக்கவே அந்த வயசுக்கு அவ்வளவு இருக்கு, நடுவுல ஏரி, அத சுத்தி ஒவ்வொரு ஏரியாவா வரும், கோட்டை வேற, ஒரே சுத்துல எல்லாத்தையும் பாத்துடலாம், பெரியவங்களுக்கும் கால் வலிக்காது. 2025 பிப்ரவரில மினியன் லேண்ட் திறந்தப்புறம் சின்னதுங்களுக்கு இன்னும் நல்லா ஆயிடுச்சு, இப்ப பாப்பா உள்ள நுழைஞ்சதும் ஓடுறது அங்க தான்.

வெயிலும் மழையும் தான் பெரிய விஷயம். பதினோரு மணிக்கு மேல புழுக்கம் தாங்காது, மத்தியானம் இடி இடிச்சா வெளில இருக்குற ரைடு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, எப்ப திரும்ப ஓடும்னு சொல்ல முடியாது. அதனால கேட் திறந்ததும் நேரா பின்பக்கம் போய் என்சான்டட் ஏர்வேஸ், புஸ் இன் பூட்ஸ் மாதிரி வெட்டவெளில இருக்குறத முடிச்சிடுங்க, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஸ்பகெட்டி எல்லாம் கூரைக்குள்ள இருக்கு, மழை வந்தப்புறம் பாத்துக்கலாம். இத தெரிஞ்சுக்கவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஸ்ட்ரோலர் கண்டிப்பா வேணும், நடக்குற குழந்தையா இருந்தாலும் சரி, ரெண்டு மணிக்கு மேல தூக்கம் வந்துடும். நாங்க அந்த நேரத்துக்கு கிளம்பி வீட்டுக்கு வந்துடுவோம், பாஸ் எடுத்ததோட நிஜமான லாபமே அதுதான், காசு குடுத்துட்டோமேன்னு குழந்தைய இழுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் சுத்த வேண்டியதில்ல.

ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு அந்த வசதி இல்ல, ஒரு நாள்தான். ஜூன்லயும் நவம்பர் கடைசி டிசம்பர்லயும் இங்க ஸ்கூல் லீவு, அத தவிர்த்துட்டு வார நாள்ல வாங்க. வரிசைல ரொம்ப நேரம் நிக்காம போறதுக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் 107 சென்டிக்கு கீழ இருக்குற குழந்தைக்கு தேவையே இல்லங்கறது என் கருத்து. டிக்கெட் மட்டும் தெரியாத இடத்துல வாங்காதீங்க. திருச்சில இருந்து அத்தை மாமா வந்தப்ப கொஞ்சம் கம்மியா கிடைக்குதேன்னு ஒரு ஆன்லைன் ஏஜென்ட்கிட்ட வாங்கினோம், தேதி தப்பா போட்டு அனுப்பிட்டாங்க, போன் பண்ணா எடுக்கல, கேட்ல நின்னுகிட்டு திரும்ப முழு காசு குடுத்து வாங்கினோம். வயசானவங்கள வெயில்ல நிக்க வச்சது தான் இன்னும் வருத்தமா இருக்கு. ஆனா மாமா வாட்டர்வேர்ல்ட் ஷோல கை தட்டின தட்டல பாத்து அத்தை அழுதுட்டாங்க, அவரு அப்படி சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சாம்.

செந்தோசாவுக்கு எதிர்க்கரைல இருக்குற விவோசிட்டி மால்ல இருந்து போர்டுவாக்ங்கற நடைபாதைல நடந்தே போலாம், காசு கிடையாது, காலைல ஸ்ட்ரோலர் தள்ளிட்டு போக சுகமா இருக்கும். திரும்பும்போது செந்தோசா எக்ஸ்பிரஸ்ங்கற குட்டி ரயில்ல ஏறுவோம், அது பாப்பாவுக்கு தனி ரைடு மாதிரி.

எங்க வீட்டு ரூம் கதவோரம் பென்சில் கோடு போட்டு வச்சிருக்கோம், 92, 100, 102, 107, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரைடு பேர அவளே எழுதினா. இப்ப 115 இருக்கா. 122 வந்தா ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி, அந்த கோடு மேல காலியா இருக்கு, தினமும் குளிச்சுட்டு வந்து முதுகை ஒட்டி நின்னு பாக்குறா. பாஸ் அடுத்த மாசம் முடியுது, புதுப்பிக்க போறோம்.