முணுமுணுக்கும் குரலுக்கு ஒரு பேரரங்கு: பில்லி ஐலிஷின் உலகச் சுற்றுப்பயணம்

அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் மூன்றாவது ஆல்பமான 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' 2024 மே 17 அன்று வெளியானது. அதையொட்டிய உலகச் சுற்றுப்பயணம் அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் கனடாவின் கியூபெக் நகரில் தொடங்கி, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, ஜப்பான் வழியாக மீண்டும் அமெரிக்காவுக்குச் சென்று, 2025 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நிறைவடைந்தது. லண்டனின் ஓ2 அரங்கில் மட்டும் 2025 ஜூலையில் ஆறு இரவுகள் பாடினார். அவற்றில் ஒன்றை நேரில் கண்டு எழுதுகிறேன்.

அரங்கிற்குள் போகும்போது எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். ஐலிஷின் குரல் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துப் பாடப்படும் குரல். அண்ணன் ஃபினியஸுடன் வீட்டின் படுக்கையறையிலேயே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த காலத்திலிருந்து, மூச்சு வாங்கும் ஒலியும் சொல்லின் கடைசி எழுத்து தேய்ந்து மறையும் ஒலியும்கூட அவருடைய பாட்டின் பகுதியாகவே இருந்து வருகின்றன. இயர்ஃபோனில் கேட்கும்போது காதோரம் வந்து பேசுவதுபோல் இருக்கும் அந்தக் குரல், ஏறத்தாழ 20,000 பேர் கூடும் ஒரு கூடத்தில் என்ன ஆகும்? குரலை உயர்த்தினால் அதன் தன்மை கெட்டுவிடும். உயர்த்தாவிட்டால் கூட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோகும்.

இதற்கான விடையின் பெரும்பகுதி மேடை அமைப்பில் இருக்கிறது. வழக்கம்போல் அரங்கின் ஒரு முனையில் மேடை போடாமல், தரைத்தளத்தின் நடுவிலேயே நீண்ட செவ்வக மேடையை அமைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் ரசிகர்கள் நிற்கிறார்கள். வாத்தியக் கலைஞர்கள் மேடைக்குள்ளேயே பள்ளம்போல் தாழ்த்தப்பட்ட இடங்களில் இருந்து வாசிப்பதால், பாடகிக்கும் பார்வையாளருக்கும் இடையில் மறைப்பென்று எதுவும் இல்லை. ஒளிரும் பெரிய கனசதுரம் ஒன்றோடு 'சிஹிரோ' பாடலில் நிகழ்ச்சி தொடங்குகிறது. அதன் பிறகு நடனக் குழு கிடையாது, ஆடை மாற்றத்திற்கான நீண்ட இடைவெளிகளும் கிடையாது. இவ்வளவு பெரிய மேடையை ஒரே ஆள் ஓடியும் குதித்தும் நிரப்புகிறார். அந்த ஓட்டத்திற்கு நடுவிலும் சுருதி விலகாமல் இருந்ததைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஆனாலும் இந்த நிகழ்ச்சியின் உயிர் 'வென் த பார்ட்டிஸ் ஓவர்' பாடலில் இருக்கிறது. ஐலிஷ் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, சிறிது நேரம் முழு அமைதி காக்குமாறு கூட்டத்திடம் கேட்டுக்கொள்கிறார். பிறகு ஒரு சிறு ஸ்வர வரிசையைப் பாடி அங்கேயே பதிவு செய்கிறார். அது திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் வேறொரு ஸ்தாயியில் இன்னொரு குரல், அதற்கும் மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பதிவின்போது யாராவது கத்தினால் அந்தச் சத்தமும் பாடல் முழுக்கத் திரும்ப ஒலிக்கும் என்பதால், கூட்டம் தன் பொறுப்பை உணர்ந்து அடங்குகிறது. என் பக்கத்தில் நின்ற பதின்வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அடுக்கிய குரல்கள் எல்லாம் சேர்ந்து ஒலிக்க, அவற்றின் மேல் அவர் முதல் அடியைத் தொடங்கியபோது, என் கவலைக்கு இனி இடமில்லை என்று தெரிந்துவிட்டது. முன்கூட்டியே பதிவு செய்த பின்னணிக் குரலை ஓடவிட்டு இதைச் செய்திருக்க முடியும். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணெதிரே கட்டி எழுப்பிக் காட்டியதுதான் பாராட்டுக்குரியது.

புதிய ஆல்பத்தின் பாடல்களில் 'த கிரேட்டஸ்ட்' நேரில் கேட்கும்போதுதான் முழு அளவில் விரிகிறது. கிட்டாரோடு அடங்கிய குரலில் தொடங்கி, இறுதியில் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்து வருவதுபோல் உச்சத்தை எட்டும் பாடல் அது. 'லமோர் த மா வீ' நிதானமான முதல் பாதியிலிருந்து மின்னணுத் தாளத்திற்குத் தாவும் இடத்தில் அரங்கமே ஆடியது. பழைய பாடலான 'ஹேப்பியர் தேன் எவர்' இன்றும் எதிர்பார்த்ததைத் தருகிறது. 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' பாடலோடு நிகழ்ச்சி முடிகிறது.

இது அண்ணன் ஃபினியஸ் முழுநேரமாக உடன் வராத முதல் சுற்றுப்பயணம். சில ஊர்களில் மட்டுமே அவர் மேடையேறினார். அவருடைய இடம் வெறுமையாகத் தெரியும் என்று நினைத்தேன். பின்னணிப் பாடகியர் இருவரின் இணைக்குரல்கள் அப்படித் தெரியாமல் பார்த்துக்கொண்டன.

குறை என்று சொல்வதானால் இரண்டு. நடுவில் மேடை இருந்தால் எந்த நேரத்திலும் பாதிப் பேருக்கு முதுகுதான் தெரியும். மேலே தொங்கும் திரைகள் அதை ஓரளவே ஈடுசெய்கின்றன. 'ஓஷன் ஐஸ்' போன்ற பாடலைப் பிற பாடல்களோடு சேர்த்துச் சுருக்கிப் பாடியதும் எனக்கு உவப்பாக இல்லை. 2015இல், பதின்மூன்று வயதில், அவரை உலகுக்கு அறிமுகப்படுத்திய பாடல் அது. முழுமையாகக் கேட்கும் ஆசையோடுதான் பலரும் வந்திருப்பார்கள்.

டிக்கெட் வருமானத்தைப் பயன்படுத்திய விதமும் மதிப்பீட்டில் சேர வேண்டியதே. ரிவெர்ப் என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து, 'சேஞ்ச்மேக்கர்' எனப்படும் தனி டிக்கெட்டுகளை விற்று, அந்தத் தொகையிலிருந்து 1.15 கோடி டாலரைப் பருவநிலை, உணவுச் சமத்துவம் போன்ற பணிகளுக்கு வழங்குவதாக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

மான்செஸ்டரில் நடந்த இரவுகளைத் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் ஐலிஷுடன் இணைந்து முப்பரிமாணத்தில் படமாக்கியிருக்கிறார். நடுமேடை நிகழ்ச்சி எதற்காவது, ஐலிஷுடையதோ பிறருடையதோ, இனி டிக்கெட் எடுப்பவர்கள் தரைத்தளத்தில் இடிபடுவதைவிட, முதல் அடுக்கில் மேடையின் நீளவாக்கில் உள்ள இருக்கைகளைத் தேடிப் பிடிப்பது நல்லது. அங்கிருந்து பார்த்தால் பாடகர் எந்த முனைக்கு ஓடினாலும் பார்வையிலிருந்து தப்ப மாட்டார்.