குழாயில் தேறிய புத்தகங்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்த பாட்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒலித்தபோது பாதிப் பாட்டைக் காணவில்லை. என் அறையில் நெஞ்சை இடித்த பேஸ், அதாவது அடித்தொனி, போன இடம் தெரியவில்லை. உறுமி வர வேண்டிய இடத்தில் ஏதோ பூச்சி பறந்தது. மைக்செட் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குழாயைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. பழைய பாட்டெல்லாம் இதில் கணீரென்று கேட்கத்தானே செய்கிறது" என்றார்.

அந்த வாரமே மைக் சீனியர் எழுதிய 'மிக்சிங் சீக்ரெட்ஸ் ஃபார் த ஸ்மால் ஸ்டூடியோ' புத்தகத்தை வாங்கினேன். பதிவு செய்த ஒலிகளைச் சிறிய அறையில் கலந்து பாட்டாக்குவது பற்றியது. 2011இல் முதலில் வெளிவந்தது. ஐந்து வருடமாக என் மேசையில் கிடக்கிறது.

அது காதிலிருந்தும் அறையிலிருந்தும் தொடங்குகிறது. எந்தப் பொத்தானைத் திருகுவது என்ற பேச்சு பிறகுதான். திருநகரில் என் மொட்டைமாடி அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டிவிட்டு, ஸ்டூடியோ தயார் என்று நம்பியிருந்தேன். 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை அந்த அட்டை என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்த்தால், என் அறையின் நீளமும் அகலமும் 47, 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியை ஊதிப் பெருக்குகின்றன. நான் கேட்டு மகிழ்ந்த பேஸில் பாதி, சுவர் போட்டது! அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, துணி சுற்றிய கனமான ராக்வூல் (பாறை இழை) பலகைகளை மூலைகளில் நிறுத்தினேன். (சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வதற்கு இதுவரை எந்தப் புத்தகமும் வழி சொல்லவில்லை.)

சிறிய ஒற்றை ஸ்பீக்கரில், இடம் வலம் பிரிக்காத மோனோவில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்தப் புத்தகம். நான் மைக்செட் அண்ணனிடமே ஒரு பழைய குழாயை வாங்கி மாடிச் சுவரில் மாட்டினேன். உறுமியின் அடித்தொனி அதில் எழும்பாது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் ஒலி மட்டும் தப்பிப் பிழைக்கும். அதை 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிச் சற்றே தூக்கினேன். குழாயிலும் உறுமி உறுமியது.

அடுத்தது, டென்னிஸ் டிசாண்டிஸின் 'மேக்கிங் மியூசிக்'. கணினியில் இசையமைக்கும் மென்பொருள் செய்யும் ஏபிள்டன் நிறுவனம் 2015இல் வெளியிட்டது. தொடங்குவது, நகர்த்துவது, முடிப்பது என்று மூன்று பகுதிகளில் 74 உத்திகள். தொடங்குவதில் எனக்கு ஒருநாளும் சிக்கல் இருந்ததில்லை. எட்டுத் தாளச் சுற்றோடு நின்றுபோன துண்டுகள் கணினி நிறையக் கிடந்தன. அதனால் மூன்றாம் பகுதிதான் எனக்குப் பயன்பட்டது. இருக்கும் எல்லா ஒலிகளையும் பாட்டின் முழு நீளத்துக்கும் நிரப்பிவிட்டு, பிறகு கழித்துக்கொண்டே வரச் சொல்கிறது ஓர் உத்தி. முளைப்பாரிக் கும்மி ஒன்றில் செய்து பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கும் மேளத்தை நிரப்பிவிட்டு, முதல் அடியில் கைதட்டலையும் பெண்களின் குரலையும் மட்டும் விட்டுவைத்தேன். எட்டு மாதம் இழுத்த பாட்டு இரண்டு இரவில் முடிந்தது.

ஆனால் அந்தப் புத்தகத்தின் உலகம், ஒலிகளைத் தாளக் கட்டங்களுக்குள் அடுக்கும் மென்பொருளின் உலகம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாதஸ்வர வாசிப்பைத் துண்டாக்கிச் சுற்றவிட்டேன். வாசித்தவர் ஹெட்போனைக் கழற்றி, "கமகம் முடிவதற்குள் வெட்டிவிட்டீர்களே தம்பி" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்குக் கைகொடுத்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு என்று யார் யாரைத் தொடர்வது என்பதை இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கட்டத்தை அணைத்துவிட்டு, நாதஸ்வரத்தை முழுதாக ஓடவிட்டு, மற்றவற்றை அதன் பின்னால் நகர்த்தினேன். கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யார் கண்டது?

2023இல் வந்த, அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினின் 'தி கிரியேட்டிவ் ஆக்ட்' நூலையும் வாசித்தேன். காலைக் காப்பியோடு நன்றாகத்தான் இருக்கிறது. மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் அதைத் தேடத் தோன்றியதில்லை.

ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்பவர்கள் மைக் சீனியரின் புத்தகத்தை வாங்கலாம். ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் அட்டைக்கு அட்டை ஒரே மூச்சில் படித்தால் எதுவும் ஒட்டாது. எனக்கு ஒட்டவில்லை. பாட்டு எங்கே இடறுகிறதோ அந்த அத்தியாயத்தைத் திறந்தபோதுதான் பிடிபட்டது.

குழாய் இன்னும் மாடிச் சுவரில்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கும்போதெல்லாம் கீழ்வீட்டு அத்தை படியேறி வந்து, "இன்றைக்கு எந்தக் கோயிலில் திருவிழா?" என்று கேட்கிறார்.