ஆல்டோ 406 நாற்காலி வாங்கப் போகிறீர்களா? இருக்கைப் பட்டைக்கு அடியில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

ஃபின்லாந்திலும் பக்கத்து நாடுகளிலும் கட்டிடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்த பழைய நாற்காலி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "1940களில் செய்தது, அசல் பட்டை, பழுதே பார்த்ததில்லை" என்று விளம்பரம் போட்டிருந்தவரிடம் 1,850 யூரோ கொடுத்து 406 என்ற மாடல் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கினேன். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. புகார் இன்னும் முடியாததால் அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அந்த வேலையை எப்படிச் செய்திருந்தார் என்று விவரமாகச் சொல்கிறேன். நாற்காலியைப் பிரித்துப் பார்த்த துர்க்கு நகரத்துப் பழுதுபார்ப்பவர், இதே மாதிரி ஒப்பனை செய்த நாற்காலிகள் தன்னிடம் முன்பும் வந்திருக்கின்றன என்றார்.

முதலில் நாற்காலியைப் பற்றி. இது தெரியாவிட்டால் மோசடி எங்கே நடந்தது என்று புரியாது.

1920களின் கடைசியில் ஆல்டோவும், துர்க்குவில் மரச்சாமான் தொழிற்சாலை நடத்திய ஓட்டோ கோர்ஹோனனும் சேர்ந்து பிர்ச் மரத்தை வளைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு ஐரோப்பாவில் நவீன நாற்காலி என்றாலே வளைத்த எஃகுக் குழாய்தான். தொட்டால் சில்லென்று இருக்கும் எஃகு, நாளெல்லாம் சாய்ந்து கிடக்கும் நோயாளிக்கு ஆகாது என்பது ஆல்டோவின் எண்ணம். 1933இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக அவர் உருவாக்கிய நாற்காலியில் முதுகு சாயும் கோணத்தையே நோயாளி எளிதாக மூச்சு விடும்படி அமைத்தார். அதோடு நிற்காமல் பின்னங்கால் இல்லாத நாற்காலியையும் மரத்திலேயே செய்து காட்டினார். அதுவரை எஃகால் மட்டுமே முடியும் என்று இருந்த காரியம் அது. மெல்லிய பிர்ச் தகடுகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வைத்து அழுத்தி வளைப்பார்கள். பசை இறுகியதும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். உட்கார்ந்தால் நாற்காலி முழுவதும் லேசாக அமிழ்ந்து, எழுந்தால் பழைய நிலைக்கு வரும். 1936இல் மிலான் கண்காட்சிக்குப் போன 400 என்ற மாடல், அகலமான கைகளும் கனமான மெத்தையும் கொண்டது. அதனால்தான் 'டாங்க்' என்று பெயர் வந்தது. 1939இல் வந்த 406 அதன் மெலிந்த தம்பி. மெத்தை கிடையாது, நம் ஊர் நாடாக் கட்டிலைப் போல வெறும் பட்டைதான் உடம்பைத் தாங்கும்.

உட்காருகிறவரின் மொத்த எடையும் இரண்டு பக்கச் சட்டங்களின் முன் வளைவில்தான் இறங்குகிறது. அங்கே அடுக்குகள் விட்டுப்போனால் நாற்காலியின் உயிரே போன மாதிரி. மேலே எவ்வளவு அழகாக வார்னிஷ் அடித்திருந்தாலும் சரி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் விற்றவரிடம் கேள்வி கேட்டேன். பட்டை எப்போதாவது மாற்றப்பட்டதா? முன் வளைவில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா? சட்டங்கள் இரண்டும் ஒரே நாற்காலியுடையவையா? மரத்துக்கு மறுபடி மெருகு போட்டிருக்கிறார்களா? எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன், எழுத்திலேயே பதில் வாங்கினேன். பட்டை மாறவில்லை, பிரிவு இல்லை, ஒரே குடும்பத்தில் ஒரே வரவேற்பறையில் இருந்த நாற்காலி, வெயில் பட்டு மரம் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது என்றார். அடிப்பக்கப் படங்கள் கேட்டபோது இரண்டு அனுப்பினார், இரண்டும் இருட்டு. இன்னும் தெளிவாக வேண்டும் என்றதற்கு, வேறொருவர் பணத்தோடு காத்திருக்கிறார், இன்றைக்குள் அனுப்பினால் உங்களுக்கு என்றார். பணம் அனுப்பினேன். சில நாளில் வண்டியில் வந்து சேர்ந்தது.

கட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது புது வார்னிஷ் வாசனை. பல பத்தாண்டுகள் ஒரே அறையில் நின்ற நாற்காலிக்கு அந்த வாசனை எங்கிருந்து வரும்?

இருக்கைப் பட்டை ஒன்றை அடியில் நெம்பிப் பார்த்தேன். பழைய பிர்ச் வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வரும். பட்டை மூடியிருக்கும் இடத்தில் வெளிச்சம் படாது. அதனால் அந்த இடம் வெளிறியே இருக்க வேண்டும், பட்டையின் ஓரத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி நிறம் மாற வேண்டும். என் நாற்காலியில் பட்டைக்கு அடியிலும் அதே தேன் நிறம், ஒரு மாற்றமும் இல்லை. அதாவது பட்டையைக் கழற்றிவிட்டு, முழுச் சட்டத்தையும் இழைத்து, சாயம் கலந்த வார்னிஷ் அடித்து, பிறகு வேறு பட்டை கட்டியிருக்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நம்பகமானதை நான் பார்க்கவில்லை. விற்பவர் பட்டையின் ஓரத்தைக்கூடத் தூக்கிக் காட்ட மறுத்தால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

பட்டையும் பழையது இல்லை. பழுப்பு ஏறிய மாதிரி தெரிந்தது மேற்பரப்பில் மட்டும்தான். மடிப்புக்குள் புது நூலின் வெள்ளை அப்படியே இருந்தது. பிடித்து வைத்திருந்தவை ஸ்டேப்பிள் பின்கள், துருவின் சுவடே இல்லாமல் பளபளவென்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஆணி பிடுங்கிய பழைய துளைகள், மக்கு வைத்து அடைத்தபடி. பட்டை மாற்றுவது ஒரு குற்றமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டை தேயத்தான் செய்யும், பழைய 406 பலவற்றில் மாற்றியிருப்பார்கள். மாற்றியதைச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

அப்புறம் பக்கச் சட்டங்கள். ஓரத்தில் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து அடுக்குகளை எண்ணினேன். இடப்பக்கத்து எண்ணிக்கையும் வலப்பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. தகடுகளின் கனமும் வேறு. இரண்டு வெவ்வேறு நாற்காலிகளின் மிச்சத்தை ஒன்றாக்கி, ஒரே சாயத்தில் முக்கி ஒரு நாற்காலியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒற்றைக் கோடு வெட்டிய பழைய திருகாணி, மறுபக்கம் ஸ்டார் ஸ்குரூ. சாய வேலை செய்தவர் திருகாணியை மறந்துவிட்டார்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆத்திரம் வந்தது முன் வளைவைப் பார்த்துத்தான். நகத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் ஒரே மாதிரி 'டக் டக்' என்று கெட்டியாகச் சொல்லும். வலப்பக்க வளைவில் ஒரு கை அகலத்துக்குச் சத்தம் உள்ளே காலியாக இருப்பது போல மாறியது. அடுக்குகள் பிரிந்த இடத்தில் எபாக்சிப் பசை ஊற்றி, மேலே மரத்தூள் கலந்த மக்கு பூசித் தேய்த்திருந்தார்கள். எபாக்சி கெட்டியானதுதான், ஆனால் பிரிந்த தகடுகளுக்கு நடுவில் தூசியும் பழைய பசையும் இருக்கும்போது அதன்மேல் ஊற்றினால் பிடிக்காது. தகடுகளைத் திறந்து சுத்தம் செய்து, வளைவுக்குப் பொருந்துகிற அச்சில் வைத்து இறுக்க வேண்டும். அதற்கு நாளும் செலவும் ஆகும். மக்கு பூசுவதற்கு அரை மணி நேரம் போதும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதி, பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நாற்காலியை மூலையில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த சித்தப்பா அது தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்த உடனே 'சடக்'கென்று வலது வளைவு வாய் பிளந்தது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்ததால் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அடி எதுவும் இல்லை. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பின்னங்கால் இல்லாத நாற்காலி உடைந்தால் ஆள் தரையில்தான் விழ வேண்டும். உடையும் என்று தெரிந்த வளைவுக்கு மக்கு பூசி விற்றவர் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

விற்றவரிடமிருந்து வந்த பதில் இது: நான் வியாபாரி இல்லை, தனி ஆள், பழைய பொருளை இருந்தபடியே விற்றேன். இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபின்லாந்தில் வியாபாரியிடம் தொலைவிலிருந்து வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வரும். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் அந்த 14 நாள் கிடையாது, நுகர்வோர் குறைதீர் வாரியமும் அப்படிப்பட்ட தகராறுகளை எடுத்துக்கொள்ளாது. 'தனி ஆள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் பாதிச் சட்டம் தொடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நுகர்வோர் ஆலோசனை மையத்தைக் கூப்பிட்டேன். அங்கே பேசியவர் பொறுமையாக விளக்கினார்: ஒருவர் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறார் என்பது முக்கியமில்லை, லாபத்துக்காகத் தொடர்ந்து விற்கிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். விற்றவருடைய மற்ற விளம்பரங்களை எல்லாம் தேதியோடு படம் பிடித்து வைத்தேன். ஆல்டோ முக்காலிகள், மேசைகள், டாங்க் நாற்காலி என்று வரிசையாக இருந்தன. அதில் ஒன்று "1932ஆம் ஆண்டு செய்த பைமியோ நாற்காலி, ஆர்டெக் முத்திரையுடன்". ஆல்டோவின் மரச்சாமான்களை விற்கும் ஆர்டெக் நிறுவனத்தை ஆல்டோவும் மனைவி ஐனோவும் மாய்ரே குல்லிக்சன், நில்ஸ்-குஸ்தாவ் ஹால் ஆகியோரும் சேர்ந்து தொடங்கியதே 1935இல். 1932இல் செய்த நாற்காலியில் அந்த முத்திரை எப்படி வரும்? வடிவமைத்த ஆண்டைச் செய்த ஆண்டு மாதிரி எழுதி விலையை ஏற்றுகிற வேலை இது. ஆல்டோவின் நாற்காலிகள் பலவும் இன்றுவரை தயாராகிக்கொண்டிருக்கின்றன, 406 உட்பட. விளம்பரத்தில் "1939" என்று பார்த்தால், வடிவம் அந்த ஆண்டுடையதா, மரம் அந்த ஆண்டுடையதா என்று நேராகக் கேளுங்கள்.

புகார் இப்போது வாரியத்தின் முன் இருக்கிறது. வாரியம் தருவது பரிந்துரைதான், தீர்ப்பு அல்ல, காலமும் எடுக்கும். போலீஸிலும் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவர் நடுவில் 400 யூரோ திருப்பித் தருவதாகவும், நான் இதைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது என்றும் சொன்னார். மறுத்துவிட்டேன்.

அவசரமாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆர்டெக் நிறுவனமே 2006 முதல் தன் பழைய சாமான்களைத் திரும்ப வாங்கி 'செகண்ட் சைக்கிள்' என்ற பெயரில் விற்கிறது. தனி ஆளிடம் வாங்குவதைவிட விலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் கையால் தடவிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து வாங்கலாம்.

இதை இப்போதே எழுதக் காரணம், என்னுடையதற்கு ஜோடி என்று சொல்லி எனக்கு விற்றவர் இன்னொரு 406ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதே தேன் நிறம், அதே "ஒரே குடும்பம், ஒரே வரவேற்பறை" வாசகம், விலை மட்டும் 1,700. இடது கையின் முன் ஓரத்தில் சிகரெட் சுட்ட மாதிரி நீள்வட்டக் கறுப்புத் தழும்பு ஒன்று தெரிகிறது. அதை வைத்து அடையாளம் காணலாம். என் நண்பர் ஒருவர் பட்டைக்கு அடியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். ஏற்கனவே ஒருவர் பேசி முடித்துவிட்டார் என்று பதில் வந்தது. விளம்பரம் இன்று காலை வரை அப்படியேதான் இருக்கிறது.