லண்டன் குளிருக்கு ரப்பர் சுடுதண்ணீர்ப் பை (2 லிட்டர்)

ஹீட்டர் சுவிட்சில் கை வைத்தாலே பில் கண்முன் வந்து நிற்கிற லண்டன் குளிரில், இந்தப் பைக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. இதற்கு வேண்டிய 1.3 லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைக்க 0.15 யூனிட் போதும். 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் குடித்துவிடும்.

வாங்கும்போது பையின் மேல் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், பாருங்கள். நடுவில் தயாரித்த ஆண்டு, 12 இதழ்களும் மாதங்கள். கடையிலேயே பழசாகிக் கிடந்தது என்றால் வேண்டாம். ரப்பருக்கு ஆயுசு இரண்டு மூன்று வருடம்தான்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் கெட்டு வெடிக்கும். கெட்டில் அணைந்து ஐந்து நிமிடம் போகட்டும். மூன்றில் இரண்டு பங்குதான் ஊற்ற வேண்டும். தண்ணீர் வாய்வரை வரும்படி பையை மெல்ல அமுக்கிக் காற்றை விரட்டிவிட்டு மூடியைத் திருகுங்கள்.

கூடவே தரும் பின்னல் உறை சுத்த மோசம், மெல்லிசு. மேலே ஒரு துண்டைச் சுற்றாமல் தோலில் படவிடாதீர்கள். படுக்கப் பத்து நிமிடம் முன்பே கால்மாட்டில் வைத்துவிட்டால், ஜில்லிட்டுக் கிடந்த மெத்தை வெயிலில் காய்ந்த துணி போல இருக்கும். படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். காலையில் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.